குழந்தையின் நலன் என்றால் யாருடைய நலன்?

காட்பாடிக்கு அருகே ஒரு கிராமத்தில் மூளை முடக்குவாதம் உள்ள 11 வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். சிறப்புக் கல்வியாசிரியையாக அந்த வீட்டுக்குப் போகும் நாட்களில், அவளைக் குளிப்பாட்ட அவளுடைய தாய் தூக்கும் விதத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடது கையை முழங்கால்களுக்கு அடியில் நுழைத்து, வலது கையைத் தோளுக்குப் பின்னால் கொடுத்து, கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் கால்கள் சற்றுத் தளரும்வரை காத்திருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் தூக்குவார். "போன வருசம் வரைக்கும் சுளுவா தூக்கினு போவேன்க்கா, இப்ப இடுப்பு புடிச்சிக்குது" என்று ஒருநாள் சொன்னவர், யாரோ கைப்பேசிக்கு அனுப்பியிருந்த ஒரு செய்தித் துணுக்கைக் காட்டினார். இதே போன்ற ஒரு சிறுமியின் வளர்ச்சியை அமெரிக்க மருத்துவர்கள் நிறுத்தி, கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்றது அது. "தாய்ப்பாசமா, கொடுமையா?" என்று தலைப்பு கேட்டது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது வேறு: "இதெல்லாம் பண்ணா அவளுக்கு வலிக்காதாக்கா?"

அந்தத் துணுக்கில் இதற்குப் பதில் இல்லை. தாயைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் எழுதியிருந்தவர்கள் அந்தச் சிறுமியைப் பற்றி எதையுமே எழுதவில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் சர்ச்சைக்குரிய சிகிச்சைகளைப் பற்றிய செய்திகளை எப்படிப் படிப்பது என்பதை விளக்க, மருத்துவ அறவியலில் அடிப்படையான ஒரு கருத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் குழந்தையின் நலன் என்று பெயர். கேட்பதற்கு எளிமையான சொல்தான். ஆனால் அதை உச்சரிக்கும் ஒவ்வொருவரும் அதில் தமது நலனையும் சேர்த்துக் கட்டிவிடுவது மிகவும் எளிது என்பதால்தான் இவ்வளவு சர்ச்சையும் எழுகிறது.

வளர்ந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் அவருடைய ஒப்புதல் வேண்டும். வெறும் கையெழுத்து ஒப்புதலாகிவிடாது. என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன கிடைக்கும், என்ன கெடலாம், வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பவற்றை அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு அவர் தருவதே ஒப்புதல். ஒன்றுக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு மற்றொன்றைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அவருடைய தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு அகற்றிய வழக்கு அது.

குழந்தைக்கு அப்படி ஒப்புதல் தர இயலாது என்பதால் பெற்றோர் தருகிறார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரின் ஒப்புதலோடு நல்லெண்ணத்தில் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு "நன்மைக்காக" என்ற ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது. பெற்றோருக்குக் கிடைப்பது குழந்தையின் உடல்மீதான உரிமை இல்லை, குழந்தைக்காகக் காத்துவைத்திருக்கும் ஒரு பொறுப்பு.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவதற்கு நான் எப்போதும் மைனர் சொத்தையே எடுத்துக்கொள்வேன். தாத்தா பேரப்பிள்ளையின் பெயருக்கு எழுதிவைத்த அரைக் காணி நிலத்தை, பெற்ற தகப்பனே ஆனாலும், நீதிமன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் விற்க முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தகப்பன் கெட்டவன் என்று சட்டம் கருதுவதால் வந்த விதி இல்லை இது. கடன் நெருக்கும்போது, நல்ல தகப்பனுக்கும் பிள்ளையின் நிலம் தன் நிலமாகத் தோன்றிவிடும் என்பதை அறிந்து வைத்த விதி. நிலத்துக்கே இந்தக் காவல் வேண்டுமென்றால், திரும்ப வளராத ஓர் உறுப்புக்கு எத்தனை காவல் வேண்டும் என்று கேட்டால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் சட்டென்று விளங்கிவிடுகிறது.

இனி அந்தத் துணுக்கில் வந்த அமெரிக்கச் சம்பவத்துக்கு வருவோம். அது ஆஷ்லி சிகிச்சை என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. சியாட்டில் நகரில், மூளை வளர்ச்சி பெரிதும் பாதிக்கப்பட்டு, நடக்கவோ பேசவோ தானாகப் புரண்டு படுக்கவோ இயலாத ஒரு சிறுமிக்கு 6 வயதிலேயே பருவமடைதலின் அறிகுறிகள் தென்பட்டன. பெற்றோரின் வேண்டுகோளின்படி, மருத்துவமனையின் அறவியல் குழு கூடிப் பேசிய பின்பு, 2004ஆம் ஆண்டில் அவளுடைய கர்ப்பப்பையும் மார்பக மொட்டுகளும் அகற்றப்பட்டன. எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் விரைவில் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடுவதற்காக, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதிக அளவில் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் கொடுக்கப்பட்டது. உடல் சிறிதாக இருந்தால் அவளைத் தூக்குவதும், வெளியே அழைத்துச் செல்வதும், குடும்பத்தோடு வைத்துக்கொள்வதும் எளிதாகும், மாதவிலக்கின் வேதனையும் இராது என்பது பெற்றோரின் வாதம்.

மருத்துவர்கள் இதைப் பற்றி 2006 அக்டோபரில் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். 2007 ஜனவரியில், தங்கள் பெயரை வெளியிடாத பெற்றோர் தங்கள் தரப்பை இணையத்தில் விளக்கினார்கள். அதன்பின் சில நாட்களிலேயே சிறுமியின் படங்கள் உலகின் தொலைக்காட்சிகளையும் நாளிதழ்களையும் சுற்றிவந்தன. ஆதரித்தவர்கள் பெற்றோரைத் தியாகிகள் என்றார்கள். எதிர்த்தவர்கள் குழந்தையைச் சிதைத்தவர்கள் என்றார்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் கருத்தரிக்கும் திறனை அகற்ற நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது என்பதும், அந்த ஆணை பெறப்படவே இல்லை என்பதும் 2007 மே மாதத்தில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஓர் அமைப்பு விசாரித்த பிறகே வெளியாயின. மருத்துவமனை தவற்றை ஒப்புக்கொண்டது. இனித் தன் அறவியல் குழுவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவும் இசைந்தது. பெற்றோர் நல்லவரா கெட்டவரா என்று ஜனவரியில் கேட்ட அளவுக்கு, யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்வியையும் அனைவரும் கேட்டிருந்தால், மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்பது என் எண்ணம். அதே வேளையில், ஊடகங்கள் பேசாமலேயே இருந்திருந்தால் அந்த விசாரணையே நடந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அந்தப் பெற்றோர்மீது நான் கல்லெறிய மாட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்ட தாயால் குழந்தையைத் தூக்க முடியாமல் போனால், பாதிக்கப்படுவது குழந்தையும்தான். ஆகவே பராமரிப்பவரின் வசதியும் குழந்தையின் நலனும் ஓரளவுக்குப் பின்னிக் கிடப்பவை. ஆனாலும் பின்னிக் கிடக்கும் இரண்டு இழைகளும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒரு சிகிச்சையைப் பற்றிப் படிக்கும்போது, இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான்கு பேரும், ஒரு தூக்குக் கருவியும், சாய்தளம் உள்ள வீடும் இருந்தால் இந்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தேவைப்பட்டிருக்காது என்றால், குறை வீட்டிலும் அரசிலும் சமூகத்திலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யக் கத்தியைக் குழந்தையின் உடலில் வைக்கிறோம் என்றாகிறது.

அடுத்த கேள்வி, திரும்பப் பெற முடியுமா என்பது. மாதவிலக்கைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ மாத்திரைகளும் ஊசிகளும் உள்ளன. மகப்பேறு மருத்துவரின் மேற்பார்வையில் கொடுத்து, ஒத்துவரவில்லையென்றால் நிறுத்திவிடலாம். துணியையோ நாப்கினையோ மாற்றிக்கொள்ளப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்பிள்ளைகளில் பலர் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை என் வேலையிலேயே கண்டிருக்கிறேன். வெட்டி எடுத்ததை மட்டும் திரும்ப வைக்க முடியாது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஓர் அச்சம் இருக்கிறது. "யாரனா எதனா பண்ணிட்டா என்னா பண்றது?" என்று அடங்கிய குரலில் கேட்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் கர்ப்பப்பையை எடுப்பதால் பாலியல் வன்முறை தடுக்கப்படுவதில்லை. கருவுறுதல் தடுக்கப்படுகிறது, அவ்வளவே. நடந்த கொடுமை வெளியே தெரியாமல் போவதற்குக்கூட அது வழி செய்துவிடும். இதை மென்மையாகவும் தெளிவாகவும் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று நம்புகிறேன்.

இந்தியாவில் இது நடக்காத கதை இல்லை. 1994ஆம் ஆண்டில், புனே அருகே சிரூரில் இருந்த ஓர் அரசு இல்லத்தைச் சேர்ந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்கள் பலருக்கு, மாதவிலக்குக் காலத்துச் சுகாதாரத்தைப் பேண முடியவில்லை என்ற காரணம் காட்டிக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. செய்தி வெளியாகி, பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பின்னரே அது நிறுத்தப்பட்டது. இல்லத்தில் ஆட்கள் போதவில்லை என்பதற்கான விலையை அந்தப் பெண்களின் உடல் கொடுத்தது.

அதற்குப் பின்பு சட்டம் வெகுதூரம் வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2009இல் சண்டிகரைச் சேர்ந்த ஒரு வழக்கில், இலேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்ணின் கருவை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரின் கருவுறும் திறனை இழக்கச் செய்யும் எந்த மருத்துவ நடைமுறையையும் அவருடைய சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. "அவருடைய ஒப்புதல்" என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் ஒப்புதல் என்று சொல்லவில்லை. ஆகவே, "பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்" என்ற வரியோடு ஒரு செய்தி முடிந்துவிட்டால், அது பாதிச் செய்திதான்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான ஒரு முன்னுதாரணமும் உண்டு. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியாத இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ "சரிசெய்யும்" அறுவை சிகிச்சைகளைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்ற வேளைகளில் செய்யக் கூடாது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. அவசரமில்லாத, மீளமுடியாத ஒன்றைக் குழந்தை வளர்ந்து தானே சொல்லும்வரை தள்ளிவைக்கலாம் என்ற அதே எண்ணம்தான் இங்கும் உள்ளது. பேச முடியாத குழந்தை எப்படிச் சொல்லும் என்று கேட்பார்கள். நான் குறிப்பிட்ட சிறுமி, பிடிக்காத சோற்றைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பிடித்த பாட்டி வந்தால் இடது கையை மட்டும் உயர்த்துவாள். அவளுடன் இருப்பவர்களுக்கு அவளுடைய வேண்டாமும் வேண்டுமும் நன்றாகத் தெரியும். ஆராய்ச்சியில் 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும், பெற்றோரின் ஒப்புதலோடு சேர்த்துப் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறவியல் நெறிமுறைகள் சொல்கின்றன. சிகிச்சையிலும் அந்த மரியாதையைக் காட்டலாம்.

உறுப்பை அகற்றும் சிகிச்சைகளைவிட இன்று நம் பகுதியில் அதிகம் காதில் விழுவது, குணமாக்குவதாகச் சொல்லும் சிகிச்சைகள்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நகையை அடகுவைத்து, மூளை முடக்குவாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட வெளியூர் போய்வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். குழப்பம் ஒன்றும் அநியாயமானதில்லை. தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேலூரிலேயே பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், அது நிரூபிக்கப்பட்டது. அந்த நற்பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு, நிரூபிக்கப்படாதது உள்ளே நுழைகிறது. இரத்தம் உருவாக்கும் செல்களைக்கொண்டு செய்யும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகள் நீங்கலாக, மற்றவை அனைத்தும் முறையான ஆராய்ச்சிச் சோதனையாகவே நடக்க வேண்டும், வணிகச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்பதே ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம் செல் வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டுப் பணமும் கேட்கிறார்கள் என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இங்குதான் ஊடகம் செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஊசியால் குணமான சிறுவன் என்று காட்டுவதற்காக ஒரு காணொளிச் சேனலைச் சேர்ந்தவர்கள் ஒரு வீட்டுக்கு வந்திருந்தபோது நான் அங்கே இருந்தேன். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கேமரா கோணம் சரியில்லை என்று உட்கார்த்திவைத்து மறுபடி எழச் சொன்னார்கள். மூன்றாவது முறை அவன் முழங்கால்கள் நடுங்கின, உதட்டோரம் எச்சில் வழிந்தது, கண்ணில் நீர் திரண்டது. வெளியான காணொளியில் முதல் இரண்டு முறையும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஊசிக்கு முன்பே அவன் ஓராண்டுக்கும் மேலாகப் பிசியோதெரபி செய்துவந்தவன் என்பதும் இல்லை. குழந்தை வளரும்போது தானாக ஏற்படும் முன்னேற்றமும், பயிற்சியால் வரும் முன்னேற்றமும், மருந்தால் வரும் முன்னேற்றமும் ஒரு முன்-பின் காணொளியில் பிரித்தறிய முடியாதவை. அதற்காகத்தான் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் சோதனைகள் இருக்கின்றன. பக்கவாதம், வலிப்பு, காது கேளாமை, உயரம் முதலியவற்றைக் குணப்படுத்துவதாகவோ மாற்றுவதாகவோ மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. விளம்பரம் செய்தியின் உடையை உடுத்திக்கொண்டு வரும்போது அந்தச் சட்டம் எளிதில் ஏமாற்றப்பட்டுவிடுகிறது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியின் அடையாளம் தெரியும்படி அவருடைய அனுமதியின்றிப் படத்தை வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அரைகுறை ஆடையில், எச்சில் வழிய, தரையில் கிடக்கும் ஒரு குழந்தையின் படத்தை, அது நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால் நாளிதழில் போட விடுவோமா என்பதே செய்தியாளருக்குப் போதுமான அளவுகோல். திரைப்படங்களிலும் காட்சி ஊடகங்களிலும் மாற்றுத்திறனாளிகளை எப்படிச் சித்திரிக்க வேண்டும் என்பதற்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. இழிவுபடுத்தும் சொற்களையும் பழைய அச்சுவார்ப்புகளையும் தவிர்க்கவும், அவர்களையே கலந்து பேசவும் அது வலியுறுத்தியது.

கலந்து பேசுவது என்றால் என்ன என்று காட்டுவதற்கு வேலூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையை இங்கே வளர்த்தார். பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன். நோயாளியின் கட்டிலுக்கு எதிரே நிற்பவரும் சக்கர நாற்காலியில் இருந்தால், "இந்த உடலை எப்படிச் சரியாக்குவது" என்பதற்கு முன்பாக "இந்த உடலோடு எப்படி வாழ்வது" என்ற கேள்வி தானாக எழும். சர்ச்சைக்குரிய சிகிச்சையைப் பற்றிய செய்தியில் மருத்துவர் பேசுகிறார், பெற்றோர் பேசுகிறார்கள், வழக்கறிஞர் பேசுகிறார். அதே குறைபாட்டோடு வளர்ந்து பெரியவரான ஒருவர் பேசியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்.

அந்தத் தாய்க்கு நான் பதில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வலிக்கும் என்றேன், அறுவை சிகிச்சை எல்லாமே வலிக்கும், அவளால் அதைச் சொல்ல முடியாது என்பதால் குறையாது என்றேன். பிறகு ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை அழைத்துப் போனோம். பழைய பருத்திப் போர்வையை நீளவாக்கில் மடித்துச் சிறுமிக்கு அடியில் விரித்து, இருபுறமும் இருவர் முட்டியை மடக்கி நின்று தூக்கும் முறையை அவர் காட்டினார். குளிப்பதற்கு, நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்குப் பெல்ட் தைத்து மாட்டினோம். பராமரிப்பு உதவித்தொகைக்கான மனுவைச் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாதவிலக்கைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச அடுத்த மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்குச் சிறுமியையும் உள்ளே அழைத்துப் போய், அவளெதிரிலேயே பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது போர்வையை விரித்தவுடன் தாய் குனிந்து, "தூக்கட்டுமாம்மா?" என்று கேட்கிறார். கால்கள் தளர்ந்து, இடது கை சற்று எழும்பும்வரை நாங்கள் இருவரும் போர்வையின் முனைகளைப் பிடித்தபடி நிற்கிறோம்.